63 யுனிட்டுக்கு ஏன் இரண்டு மடங்கு பில்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போன மாதம் 59 யுனிட், பில் 577 ரூபா. இந்த மாதம் 63 யுனிட், பில் 1,220 ரூபா 50 சதம், வரி தனி. "நாலு யுனிட்டுக்கு 643 ரூபாவா? மீட்டர் பிழையா, மீட்டர் வாசிக்கும் ரீடர் பிந்தி வந்ததாலா? பக்கத்து வீட்டுக்காரர் கூரையில் சோலார் போட்டுக் கரண்ட் விற்கிறார். புதுவருட லீவில் கரண்ட் மிஞ்சுகிறது, சோலாரை நிறுத்துங்கள் என்று அவரைப் போன்றவர்களுக்குச் சொல்கிறார்கள். மிஞ்சுகிற கரண்டை எங்களுக்கு மலிவாகத் தந்தால் என்ன?" இதுதான் கேள்வி. பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு யுனிட் கரண்டின் விலை என்ன, அது ஏன் எனக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலை, போன மாதம் ஒரு விலை, இந்த மாதம் ஒரு விலை? நான் மின் பொறியியலாளர். முப்பது வருடத்துக்குக் கிட்ட மின் விநியோகத்தில் வேலை செய்தவன், அதில் பாதிக் காலம் மீட்டரோடும் கட்டணக் கணக்கோடும் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பில். அது கணக்குப்படி சரி. 2025 ஜூன் 12-இல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண அட்டவணையில் வீடுகள் இரண்டு வகுப்பாகப் பிரிந்திருக்கின்றன. மாதம் 60 யுனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யுனிட் 4 ரூபா 50 சதம், அடுத்த 30 யுனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா (30-க்குள்ளேயே நின்றால் 80). ஆகவே போன மாதம் உங்களுக்கு 30 யுனிட்டுக்கு 135, மிச்சம் 29 யுனிட்டுக்கு 232, அதோடு 210, மொத்தம் 577. இந்த மாதம் நீங்கள் 60-ஐத் தாண்டிவிட்டீர்கள். தாண்டிய வீட்டுக்கு அந்த 4.50-உம் இல்லை, 8-உம் இல்லை. முதலாவது யுனிட்டிலிருந்தே 12 ரூபா 75 சதம். அறுபதுக்கு 765, மேலே போன மூன்று யுனிட்டுக்கு 18.50 வீதம் 55.50, நிலையான கட்டணம் 400, எல்லாம் சேர்ந்து 1,220.50. நீங்கள் நான்கு யுனிட் கூட எடுத்ததற்காக 643 ரூபா கொடுக்கவில்லை. முன்னால் எடுத்த 59 யுனிட்டின் விலையும் பின்னோக்கிப் போய் மாறிவிட்டது. சரியாக 60-இல் நின்றிருந்தால் 585 ரூபா. 61 ஆகியிருந்தால் 1,183.50. அந்த ஒரேயொரு யுனிட்டின் விலை 598 ரூபா 50 சதம்.

மேலே போகப் போகவும் இப்படிப் படிகள் உண்டு. 90-ஐத் தாண்டினால் நிலையான கட்டணம் 400-இலிருந்து 1,000-க்குப் பாயும், 120-ஐத் தாண்டினால் 1,500, 180-ஐத் தாண்டினால் 2,100. யுனிட் விலை 24, 41, 61 என்று ஏறும். ஆனால் ஒரு வித்தியாசம்: அந்த இடங்களில் நிலையான கட்டணம் மட்டும்தான் பாய்கிறது, புதிய விலை கூடுதலாக எடுத்த யுனிட்டுக்கு மட்டும். முதல் யுனிட் வரைக்கும் திரும்பிப் போய் விலை மாறுவது 60-இல்தான். அட்டவணை அடிக்கடி திருத்தப்படுகிறது, நான் சொன்ன ரூபாக் கணக்குகள் அடுத்த திருத்தத்தில் மாறலாம். படிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவை வருடக்கணக்காக அதே 30, 60, 90, 120, 180-இல்தான் நிற்கின்றன. உங்கள் பில் மின்சார சபையிலிருந்து வந்தாலும் லெக்கோ என்ற விநியோகக் கம்பெனியிலிருந்து வந்தாலும் இதில் வேறுபாடு இல்லை, நாடு முழுக்க ஒரே அட்டவணை.

ரீடர் பிந்தி வந்ததால் யுனிட் கூடி, அதனால் மேல் வகுப்புக்குப் போய்விட்டோம் என்பது கொழும்பில் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு. அது பெரும்பாலும் பிழையான சந்தேகம். 60 யுனிட் என்பது 30 நாளுக்கு. பில்லில் இரண்டு திகதிகள் இருக்கும், அவற்றுக்கு இடையில் எத்தனை நாளோ அதற்கேற்ப எல்லை நகரும், நாளுக்கு 2 யுனிட் என்ற கணக்கில். 32 நாள் என்றால் எல்லை 64. அப்படியிருந்தால் உங்கள் 63 யுனிட் மலிவு வகுப்புக்குள்ளேயே நின்றிருக்கும். மறுபக்கமாக, ரீடர் முந்தி 28-ஆம் நாளே வந்தால் எல்லை 56-தான், 57 யுனிட் எடுத்த வீடும் தாண்டிவிடும். உங்கள் தொகையைப் பார்த்தால் 30 நாளுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. என்றாலும் திகதி இரண்டையும் நீங்களே ஒருதரம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பிழைத்திருந்தால் முறைப்பாடு செய்ய உங்களுக்குப் பலமான காரணம் இருக்கிறது.

மீட்டர் பிழையா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பத்து நிமிடத்தில் முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம். மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு யுனிட்டுக்கு எத்தனை மினுங்கல் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும், 1000 அல்லது 1600 மாதிரி. வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிட்டு மீட்டருக்கு முன்னால் நில்லுங்கள். விளக்கு மினுங்கக் கூடாது. மினுங்கிக்கொண்டே இருந்தால் வீட்டு வயரிங்கில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது வேறு யாருடைய வயரோ உங்கள் மீட்டருக்குள் வருகிறது. பழைய கட்டடங்களில் இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். ஒரு லேனில் மாடிப்படி லைட்டும் தண்ணீர் மோட்டரும் கீழ் வீட்டு வயோதிபத் தம்பதியின் மீட்டரில் ஆறு வருடமாக ஓடியது, அவர்களுக்கே தெரியாது. அதில் பிழை இல்லையென்றால், வாட் எண் தெரிந்த ஒரேயொரு பொருளை மட்டும் போடுங்கள். 2000 வாட் மின்கேத்தல் என்றால், 1000 என்று அச்சிட்ட மீட்டரில் 1.8 செக்கனுக்கு ஒருதரம் மினுங்க வேண்டும், அதாவது பத்து மினுங்கலுக்கு 18 செக்கன். ஒன்றிரண்டு செக்கன் முன்பின் இருந்தால் பரவாயில்லை, கேத்தலின் வாட் எண்ணும் வோல்டேஜும் அவ்வளவு துல்லியமாக இருக்காது. பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால்தான் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அயன்பொக்ஸை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது சூடானதும் தானாக வெட்டி வெட்டிப் போடும், கணக்குக் குழம்பும். என் அனுபவத்தில் இலத்திரனியல் மீட்டர் வேகமாக ஓடுவது மிக அரிது. பழுதானால் பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுபோகும்.

இனி, 60-இல் ஏன் இப்படி ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது. இதைப் புரிந்துகொள்ள 30 யுனிட் எடுக்கும் ஏழை வீடு ஒன்றின் பில்லைப் பின்னால் இருந்து பாருங்கள். 2014-க்குப் பிறகு எட்டு வருடம் கட்டணம் உயரவில்லை. அந்தக் காலத்தில் யுனிட் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30, ஆக பில் 105 ரூபா. 2022-இல் டொலர் 200-இலிருந்து 360-க்குப் போனது, நிலக்கரியும் எண்ணெயும் வாங்க டொலர் இல்லை, அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். ஓகஸ்டில் கட்டணம் உயர்ந்தது, அதே வீட்டுக்கு 360 ரூபா. 2023 பெப்ரவரியில் இன்னொரு உயர்வு: யுனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400, பில் 1,300 ரூபா. ஆறே மாதத்தில் 105-இலிருந்து 1,300. பாவிப்பு ஒரு யுனிட்டும் கூடவில்லை. 2025 ஜூன் அட்டவணையில் அந்த வீட்டுக்கு 215 ரூபா.

இந்த நான்கு எண்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கரண்டை உற்பத்தி செய்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் செலவு ஒரு பக்கம், அதை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்ற தீர்மானம் இன்னொரு பக்கம். செலவு எரிபொருள் விலையோடும் மலைநாட்டு மழையோடும் போகிறது. காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தண்ணீர் நிரம்பினால் அந்த மாதங்களில் சபையின் செலவு நன்றாக இறங்கும், பெப்ரவரி மார்ச்சில் வறண்டால் ஏறும். பங்கீட்டைத் தீர்மானிப்பது வேறு கை. சபை கேட்கும் கட்டணத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பரிசீலித்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, அங்கீகரிக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் தொட்டு இருக்கும் நடைமுறை. 2023-இல் செய்தது, ஏழை வீட்டுக்கும் கிட்டத்தட்ட அடக்க விலை. அது வயிற்றிலடித்தது, எத்தனையோ வீடுகளில் இணைப்பையே வெட்டினார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி, கீழே இருப்பவர்களுக்கு அடக்கத்துக்கும் கீழான விலை, மேலே இருப்பவர்களிடம் அடக்கத்தை விட அதிகமான விலை என்ற பழைய ஒழுங்குக்கே வந்திருக்கிறோம். 4 ரூபா 50 சதத்துக்கு யாராலும் ஒரு யுனிட் கரண்டைச் செய்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது. மிச்சத்தை 180-க்கு மேல் பாவிக்கும் வீடுகளும் கடைகளும் கட்டுகின்றன.

ஏழைக்குச் சலுகை கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். என் சண்டை அந்தச் சலுகையை 60-ஆவது யுனிட்டில் கத்தியால் வெட்டுகிற மாதிரி வெட்டுவதோடுதான். முதல் 30 யுனிட் எல்லோருக்கும் மலிவு, அதற்கு மேல் எடுத்ததற்கு மட்டும் கூடின விலை என்று வைத்தால் யாருக்கும் ஒரு யுனிட்டில் 598 ரூபா விழாது. அப்படிச் செய்தால் ஏசி போட்டிருக்கிற பெரிய வீட்டுக்கும் முதல் 30 யுனிட்டின் சலுகை போய்ச் சேரும், அதை ஈடுகட்ட மேல் விலையை இன்னும் ஏற்ற வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படியைச் சரிவாக மாற்ற வேறு வழிகளும் உண்டு, நிலையான கட்டணத்தை 210-இலிருந்து 400-க்குப் பாயவிடாமல் யுனிட்டோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது அதில் ஒன்று.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. இந்த முறை ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கமே நடந்து பாருங்கள், புளூமெண்டல் வீதியை அண்டிய தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரியும் வீடுகள் எத்தனை! அண்ணன் குடும்பம் முன்னறையில், தம்பி குடும்பம் பின்னால், அம்மா நடுவில், மீட்டர் ஒன்று. மூன்று குடும்பமும் தனித்தனியாக 45 யுனிட் எடுத்தால் ஆளுக்கு 465 ரூபா, மூவருக்கும் சேர்த்து 1,395. ஒரே மீட்டரில் 135 யுனிட் என்றால் 4,155 ரூபா. மூன்று மடங்கு. வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம், வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து, தன் பில்லின் மேல் படி விலையிலேயே அவர்களிடமும் அறவிடுவார். வீட்டுக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, அவருடைய பில் அப்படித்தான் வருகிறது. சலுகை யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களில் பலருக்கு அது போய்ச் சேராது. கடலோரச் சொகுசு ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு வருடத்தில் பத்து மாதம் வெளிநாட்டில் இருப்பவருக்கு அது கிடைக்கும்.

சரி, சோலாருக்கு வருவோம். பகலில் கரண்ட் மிஞ்சுகிறது என்பது உண்மை. மிஞ்சினால் மலிவாக இருக்க வேண்டுமே என்று நீங்கள் நினைப்பது மரக்கறிச் சந்தைக் கணக்கு, அந்தக் கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் இங்கே சந்தை இல்லை. கூரையில் சோலார் பலகை போட்டவரோடு சபை 20 வருட ஒப்பந்தம் செய்கிறது, விலை அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். 2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமய என்ற பெயரில் இது பெரிய அளவில் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு யுனிட் 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம். பிறகு வந்த ஒப்பந்தங்களில் விலை கூடியும் குறைந்தும் போனது, 2024-இல் 27 ரூபா, 2025-இல் புதிதாக வந்த 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறிய கூரைகளுக்கு 20 ரூபா 90 சதம். உங்கள் அயலவர் எந்த வருடம் போட்டார் என்பதைப் பொறுத்து அவருடைய விலை இருக்கும். எப்படிப் பார்த்தாலும், நீங்கள் 8 ரூபாவுக்கு வாங்கும் யுனிட்டை அவரிடம் சபை அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்து வாங்குகிறது. தேவையே இல்லாத நண்பகலில் வாங்கினாலும் அதே விலைதான். ஆகவே மிஞ்சுகிற கரண்ட் சபைக்கு மலிவானது அல்ல. அவர் மேல் கோபப்படவும் வேண்டாம், நாட்டுக்கு டொலர் இல்லாத காலத்தில் தன் காசைப் போட்டவர் அவர், கொடுத்த வாக்கை மாற்றுவது நியாயமில்லை.

அப்படியென்றால் ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்? கரண்டைப் பீப்பாயில் அடைத்து வைக்க முடியாது. எந்தச் செக்கனிலும் உற்பத்தியும் பாவிப்பும் சமமாக இருக்க வேண்டும், அந்தச் சமநிலைதான் நமது 50 ஹேர்ட்ஸ். பாவிப்பை விட உற்பத்தி கூடினால் அது ஏறும், குறைந்தால் இறங்கும், எல்லை மீறினால் இயந்திரங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். விக்டோரியா நீர் மின் நிலையத்திலோ நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திலோ சுழலும் தொன் கணக்கான இரும்பு, ஓடுகிற லொறி மாதிரி. சின்னத் தடை வந்தால் உடனே நிற்காது, சில செக்கன் தாக்குப்பிடிக்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துவிடும். கூரைச் சோலாரில் சுழல்வது எதுவும் இல்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி தாண்டி நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். அப்படியான ஒரு பழுது எந்த நாட்டிலும் வரும். அன்று அது நாட்டையே சாய்த்ததற்குக் காரணம், ஞாயிறு என்பதால் பாவிப்புக் குறைவு, நல்ல வெயில், சோலாரின் பங்கு மிக அதிகம், தாங்கிப் பிடிக்கச் சுழலும் இயந்திரங்கள் மிகக் குறைவு. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டும் கழன்று, அதைத் திரும்ப ஓட வைக்க நாட்கள் எடுத்தது, அந்தக் கிழமை ஒன்றரை மணித்தியால மின்வெட்டுகளும் வந்தன. இந்தியாவோடு கேபிள் இணைப்பு இருந்தால் அங்கிருந்து முட்டுக்கொடுத்திருக்கலாம். நாம் தனித் தீவு.

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, கொழும்பு பாதி ஊருக்குப் போய்விடும், வெயிலோ உச்சம். ஞாயிற்றுக்கிழமை நிலைமை ஒரு கிழமைக்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி நிலையத்தைக் காலையில் அணைத்து மாலையில் பற்றவைக்க முடியாது, அது லாந்தர் இல்லை, அதைக் குறைந்த அளவிலாவது ஓடவிட வேண்டும். நீர் மின் நிலையங்களில் சிலதையும் சமநிலைக்காகச் சுழலவிட வேண்டும். மிச்ச இடத்தில்தான் சோலார். ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்துவிட்ட கூரைச் சோலாரில் பெரும்பகுதியை மையத்திலிருந்து குறைக்க வழி செய்யாமலே இணைத்துக்கொண்டே போனோம், அதனால்தான் 2025 ஏப்ரலில் வீட்டுக்காரர்களிடம் தயவாகக் கேட்டு, கையால் அணைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. இது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது.

பிறகு சூரியன் இறங்கும். ஆறரை மணிக்கு ஒரே நேரத்தில் லைட், டிவி, ரைஸ் குக்கர், அயன், பிள்ளைகளின் பாட அறை ஃபேன். அந்த நேரத்தில் சோலார் பூச்சியம், தண்ணீர் போதாவிட்டால் எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்ட வேண்டும், அதுதான் நாட்டின் மிக விலைகூடிய கரண்ட். 2025-இல் அரசே போட்ட விலையைப் பாருங்கள்: கூரைச் சோலாரைப் பெட்டரியில் சேமித்து மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் தந்தால் யுனிட்டுக்கு 45 ரூபா 80 சதம், பகலில் அப்படியே தந்தால் 20 ரூபா 90 சதம். அதே கூரை, அதே வெயில், அதே யுனிட், நேரம் மாறியதும் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடக்கிறது. கரண்டுக்கு ஒரு விலை இல்லை, நண்பகலில் ஒரு விலை, இரவு எட்டு மணிக்கு இன்னொரு விலை. உங்கள் பில்லோ நீங்கள் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்பதே இல்லை, மாதத்தில் எத்தனை எடுத்தீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறது. நீங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு, நாடே கரண்டை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது, துணி அயன் பண்ணிய யுனிட்டாலும் 60-ஐத் தாண்டலாம், அதற்கும் அதே தண்டம்.

நேரத்துக்கு ஒரு விலை என்ற கட்டணம் நம்மிடம் இல்லாமல் இல்லை. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் 10.30 வரை உச்சம், இரவு 10.30-க்குப் பிறகு விடியும் வரை மலிவு நேரம். பெரிய தொழிற்சாலைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் பில் வருவது இப்படித்தான், த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளும் விரும்பினால் இதற்கு மாறலாம். மின்சாரக் கார் வைத்திருந்து இரவில் சார்ஜ் போடுகிறவருக்கு அது லாபம். உங்களுக்கு அது இப்போதைக்கு உதவாது, ஏனென்றால் 60 யுனிட் வீட்டுக்குக் கிடைக்கும் சலுகை விலை அந்த முறையில் கிடையாது. என் கருத்து, எல்லா வீட்டுக்கும் நேரம் பார்க்கும் மீட்டர் வர வேண்டும், முதல் 30 யுனிட் சலுகையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மேல் எடுப்பதற்குப் பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று வைக்க வேண்டும். அப்போது மிஞ்சுகிற கரண்ட் உண்மையிலேயே உங்களுக்கும் மலிவாக வரும். இது என் அபிப்பிராயம், இதற்கு எதிராகப் பேசும் நல்ல பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். மாலையில்தான் வேலையால் வீடு திரும்பும் ஏழைகளை இது அடிக்கும் என்பது அவர்கள் வாதம், அது வெறும் பேச்சு இல்லை.

சபையைப் பிரிப்பதால் விலை குறையுமா என்றும் பலர் கேட்கிறார்கள். 2024-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டமும் 2025-இல் வந்த திருத்தமும் உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று வேலையைத் தனித்தனிக் கம்பெனிகளுக்குப் பிரிக்கின்றன. எது எங்கே செலவாகிறது என்று தெளிவாகத் தெரியவரும், அது நல்லதுதான். ஆனால் நிலக்கரி விலையும் டொலரும் மழையும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவை, அதனால் பிரித்த உடனே பில் இறங்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் இருக்கும் இடம் அதிர்ஷ்டமான இடம். 150 யுனிட் எடுக்கும் வீடு நான்கு யுனிட் குறைத்தால் 160 ரூபாவோ என்னவோ மிஞ்சும், உங்களுக்கு 640 மிஞ்சும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 70 வாட், இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 21 யுனிட். பிஎல்டிசி என்ற, கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டர் உள்ள புது ஃபேன் 30 வாட்டுக்குக் கிட்ட எடுக்கும், மாதம் 9 யுனிட். அந்த ஒரு மாற்றமே உங்கள் 63-ஐ 51 ஆக்கும், பில் 513 ரூபா. ஃபேனின் விலை கூடத்தான், ஆனால் மாதம் 700 ரூபா மிஞ்சுகிற கணக்கைப் போட்டுப் பாருங்கள், நீண்ட நாள் எடுக்காது. அவ்வளவு செலவழிக்க இப்போது வசதியில்லை என்றால், எங்காவது சோக் வைத்த பழைய டியூப் லைட் மிச்சமிருக்கிறதா பாருங்கள். அதை எல்ஈடிக்கு மாற்றினால், மாலை ஐந்து மணித்தியாலம் எரிகிற லைட்டில் மாதம் நான்கு யுனிட் அளவில் குறையும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்குள் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், தாள் தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும். ரைஸ் குக்கரை வெந்ததும் பிளக்கோடு கழற்றுங்கள், சூடாக வைத்திருக்கிற நிலையில் விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், மீட்டரை மாதக் கடைசிக்கு முன்னால் பார்ப்பது. ரீடர் வந்துபோன அன்றைய எண்ணைக் கலண்டரில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எண்ணைப் பார்த்து, கழிந்த நாட்களை இரண்டால் பெருக்கி ஒப்பிடுங்கள். 24-ஆம் நாள் 48-க்குள் இருந்தால் பயமில்லை. 52 என்றால் மிச்சம் ஆறு நாளுக்கு எட்டு யுனிட்தான் கையில் இருக்கிறது, அந்தக் கிழமை அயன் வேலையைப் பில் திகதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பில்லிலுள்ள இரண்டு திகதிகளையும், மீட்டர் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணையும், வீட்டில் எத்தனை ஃபேன், அவை எத்தனை வருடம் பழையவை என்பதையும் இங்கேயே எழுதுங்கள். கணக்கு இலக்கம், விலாசம் எதுவும் போட வேண்டாம். கேத்தல் சோதனை செய்தால் பத்து மினுங்கலுக்கு எத்தனை செக்கன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.